ஐந்து பேருக்கு மேல் கூடாமல் ஒரு போராட்டம்

கடலூர் மாவட்டத்தில் போராட்டம் நடக்கும் விதம் பல ஆண்டுகளாக மாறாமல் இருந்தது. முதலில் இடம் முடிவாகும். கடலூர் என்றால் தலைமை தபால் நிலையம் அருகில், சிதம்பரம் என்றால் காந்தி சிலை அருகில், பண்ருட்டி என்றால் நான்கு முனைச் சந்திப்பு. மேல்பட்டாம்பாக்கம் போன்ற பேரூரில் குடிநீர் நின்றுபோனால் கடலூர்–பண்ருட்டி சாலையின் குறுக்கே காலிக் குடங்களோடு பெண்கள் உட்காருவார்கள். இரண்டு பக்கமும் பேருந்துகள் நிற்கும். முதலில் நெல்லிக்குப்பம் போலீசார் வருவார்கள். அவர்கள் பேச்சுக்கு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். தாசில்தாரோ பேரூராட்சி அதிகாரியோ வந்து, "நாளைக்குக் காலையில தண்ணி வரும்மா, எழுந்திருங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்ன பிறகே குடங்கள் நகரும்.

கட்சி, சங்கப் போராட்டங்களுக்கு நடைமுறை இன்னும் திட்டமானது. காவல் நிலையத்தில் கடிதம் கொடுக்க வேண்டும். காவல் சட்டம் 30(2) அமலில் இருக்கிறது என்று பதில் வரும். அனுமதி மறுக்கப்பட்ட பிறகும் ஆர்ப்பாட்டம் நடக்கும், கைதும் நடக்கும். கைதானவர்கள் திருமண மண்டபத்தில் வைக்கப்பட்டு, மதிய உணவு சாப்பிட்டு, மாலையில் வெளியே வருவார்கள். வட்டார நிருபருக்கு இதில் மூன்று விவரங்கள் போதும்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் கைது, பேச வந்த அதிகாரி யார். முதல் எண்ணிக்கையைக் கட்சிக்காரர் கூட்டிச் சொல்வார், போலீசார் குறைத்துச் சொல்வார்கள். அனுபவமுள்ள நிருபர் இரண்டையும் விட்டுவிட்டு மண்டபத்தில் போடப்பட்ட சாப்பாட்டு இலைக் கணக்கைக் கேட்பார்.

பேரிடர்க் காலங்களிலும் இந்த முறை மாறவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30-ல் கரையைக் கடந்த தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம் என்று ஒவ்வொன்றுக்குப் பின்னும் மாவட்டத்தில் மறியல் நடந்தது. தானே புயலில் பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கணக்கெடுக்க ஆள் வரவில்லை, நிவாரணப் பட்டியலில் பெயர் விட்டுப்போனது என்பவையே அப்போதைய கோரிக்கைகள். அரசு வரவில்லை என்பதுதான் அந்தக் கோபங்களின் சாரம். 2020-ல் கொரோனா தொற்று பரவியபோது அரசு தெருமுனை வரை வந்து, தடுப்பு வைத்து, வீட்டுக்குள் இருக்கச் சொன்னது. வராத அரசை எதிர்த்துப் பழகிய ஊர்கள், வந்து நின்றுவிட்ட அரசிடம் எப்படிக் கேட்பது என்பதை அடுத்த இரண்டு ஆண்டுகளில் புதிதாகக் கற்றன.

பழைய சட்டமும் புதிய சட்டமும்

ஊரடங்கு மூன்று சட்டங்களின் மேல் நின்றது. முதலாவது 1897-ஆம் ஆண்டு தொற்றுநோய்ச் சட்டம். 1896-ல் பம்பாயில் பரவிய பிளேக்கை அடக்க ஆங்கிலேய அரசு அவசரமாகக் கொண்டுவந்த சட்டம் அது. வீடு புகுந்து சோதனையிடவும், நோயாளியைப் பிரித்துக் கொண்டுபோகவும், பொருட்களை அழிக்கவும் அதிகாரம் கிடைத்ததும் புனே நகரம் கொதித்தது. பிளேக் தடுப்புப் பணிக்குத் தலைமை வகித்த அதிகாரி ராண்ட், 1897 ஜூன் 22 இரவு சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். இந்தியாவில் தொற்றுநோய்க் கட்டுப்பாட்டுக்கு எழுந்த எதிர்ப்பின் வரலாறு அந்தச் சட்டத்தோடு சேர்ந்தே தொடங்குகிறது.

இரண்டாவது 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம். சுனாமிக்கு அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றியது. தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர் கரைகளில் பிணங்களை எடுத்த அனுபவத்தின் விளைவாக வந்த சட்டங்களில் அது ஒன்று. புயல், வெள்ளம், கடல் சீற்றம் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதப்பட்ட அந்தச் சட்டம், பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே மீனவர்களைக் கடலுக்குப் போகாதே என்று தடுக்கவும் பயன்பட்டது. மூன்றாவது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆவது பிரிவு. மக்கள் வாயில் நின்றது இந்த ஒன்றுதான். "நூத்தி நாப்பத்தி நாலு போட்டாச்சு" என்றால் ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தமிழ்நாட்டில் முதல் தொற்று 2020 மார்ச் 7 அன்று உறுதியானது. மார்ச் 22 மக்கள் ஊரடங்கு. மார்ச் 24 மாலை 6 மணி முதல் மாநிலம் முழுதும் 144. அன்று இரவே பிரதமர் 21 நாள் நாடு தழுவிய ஊரடங்கை அறிவித்தார். அதற்குச் சில நாள் முன்பு வரை குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான தொடர் போராட்டங்கள் மாநிலத்தின் பல ஊர்களில் நடந்துகொண்டிருந்தன. சென்னை வண்ணாரப்பேட்டையில் பிப்ரவரி 14 முதல் உட்கார்ந்திருந்தவர்கள் மார்ச் நடுவில் தாங்களாகவே எழுந்தார்கள். கலைக்க வந்த போலீசாருக்கு அசையாத கூட்டம் நோய்க்கு வழிவிட்டது. தொற்று முடிந்தால் திரும்பி வருவோம் என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்கள்.

திங்கள்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டமும் நின்றது. நிருபர் தொழிலில் இதன் பொருள் பெரியது. திங்கள் காலை ஆட்சியர் அலுவலக வாசலில் நின்றால் ஒரு வாரத்துக்குத் தேவையான செய்தி கிடைத்துவிடும். மனு கொடுக்க வழி இருக்கும்வரை பெரும்பாலோர் சாலைக்கு வருவதில்லை. அந்த வழி அடைபட்டதும் கோபம் எந்த இடத்தில் வெளிப்படும் என்று போலீசாருக்கும் தெரியவில்லை, நிருபருக்கும் தெரியவில்லை.

முதல் மறியல்கள் மறுதிசையில் இருந்தன

ஊரடங்கின் முதல் வாரங்களில் நடந்த தடுப்புகளைப் பார்த்தால், அவை ஊரடங்கை எதிர்த்தவை அல்ல. ஊரடங்கு போதாது என்று மக்களே போட்டவை. கிராம எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டார்கள், பனைமரத்தைக் குறுக்கே கிடத்தினார்கள், வெளியாட்கள் வரக் கூடாது என்று அட்டையில் எழுதிக் கட்டினார்கள். பள்ளிக்கூடத்தையோ மண்டபத்தையோ தனிமைப்படுத்தும் இடமாக்க அதிகாரிகள் வந்தால், பக்கத்துத் தெருவினர் திரண்டு நின்றார்கள். ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற உத்தரவை மீறி நூறு பேர் கூடி, அந்த உத்தரவை இன்னும் இறுக்கச் சொன்னார்கள்.

இந்த அச்சத்தின் உச்சம் சென்னையில் வெளிப்பட்டது. ஏப்ரல் 19 அன்று தொற்றால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கும்பல் ஆம்புலன்ஸைத் தாக்கியது. சக மருத்துவர் ஒருவரும் மருத்துவமனை ஊழியர்களும் நள்ளிரவில் தாங்களே குழியை மூடினார்கள். அடுத்த சில நாட்களில் இரண்டு அவசரச் சட்டங்கள் வந்தன. மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்குக் கடும் தண்டனை தரும் ஒன்றிய அரசின் சட்டம் ஏப்ரல் 22-ல் வந்தது. தொற்றால் இறந்தவரின் அடக்கத்தைத் தடுப்பதைக் குற்றமாக்கிய மாநிலச் சட்டம் அதைத் தொடர்ந்தது.

மே மாதத் தொடக்கத்தில் அந்த அச்சம் கடலூரைத் தேடி வந்தது. ஏப்ரல் 26 முதல் சென்னையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்ற அறிவிப்பு, முந்தைய நாளில் கோயம்பேடு சந்தைக்குப் பெருங்கூட்டத்தை இழுத்தது. சந்தையில் மூட்டை தூக்கியவர்கள், காய்கறி ஏற்றியவர்கள் லாரிகளில் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களுக்குத் திரும்பினார்கள். மே 4 அன்று மாநிலத்தில் பதிவான 527 புதிய தொற்றுகளில் 122 கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. மறுநாள் கோயம்பேடு மூடப்பட்டது, சந்தை திருமழிசைக்குப் போனது. சோறு தேடிப் பட்டணம் போனவர்களைச் சொந்த ஊரே நோயைக் கொண்டுவந்தவர்கள் என்று பார்த்த வாரங்கள் அவை. தங்கவைக்கப்பட்ட பள்ளிகளில் சாப்பாடு சரியில்லை, கழிப்பறையில் தண்ணீரில்லை என்ற புகார்கள் பல மாவட்டங்களிலிருந்து செல்பேசிக் காணொளிகளாக வந்தன. நிருபர் உள்ளே போக முடியாத இடத்திலிருந்து செய்தி தானாக வெளியே வந்தது இந்தத் தொழிலுக்குப் புதிது.

வாசற்படிப் போராட்டம்

உணவும் கூலியும் இரண்டாவது கட்டத்தின் பொருள். ஏப்ரலில் அரிசி பெறும் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாயும் விலையில்லாப் பொருட்களும் வழங்கப்பட்டன. தி.மு.க.வும் தோழமைக் கட்சிகளும் 5,000 ரூபாய் கேட்டன. பண்ருட்டியில் பலா அறுவடைக் காலம் தொடங்கியிருந்தது. வெளியூர் வியாபாரி வராமல், லாரி கிடைக்காமல், மரத்திலேயே பழம் பழுத்து விழுந்தது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து கடலூர் போகக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. கடலூர் ஆல்பேட்டையைத் தாண்டிப் புதுச்சேரி போவது வெளிநாடு போவதைப் போல ஆனது. இரண்டு பக்கமும் ஒரே குடும்பங்கள் வாழும் எல்லை அது.

இந்த நிலையில் இடதுசாரிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் ஒரு புதிய முறையைப் பிடித்தன. அவரவர் வீட்டு வாசலில், கட்சி அலுவலகப் படியில், இடைவெளி விட்டு நாலைந்து பேர் நின்று கையில் கோரிக்கை அட்டை பிடிப்பது. கூட்டம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, சாலை அடைபடவில்லை. யாரும் படம் எடுக்காவிட்டால் அப்படி ஒன்று நடந்ததாகவே தெரியாது. அதனால் போராட்டத்தின் மையம் தெருவிலிருந்து படத்துக்கு மாறியது. முன்பு ஆர்ப்பாட்டத்துக்கு நிருபர் போவார். இப்போது ஆர்ப்பாட்டம் நிருபரின் வாட்ஸ்ஆப்புக்கு வந்தது. காலை பத்து மணிக்குள் இருபது ஊர்களிலிருந்து இருபது படங்கள் வரும். எல்லாவற்றிலும் ஒரே அட்டை, ஒரே வாசகம், முகக்கவசம் போட்ட ஐந்து முகங்கள். ஆளை அடையாளம் கண்டு பெயர் போடுவதே வேலையாகிவிட்டது. அனுப்பப்பட்ட படம் இன்றைக்கு எடுத்ததா, போன வாரத்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அந்த மாதங்களில் நிருபர் தொழில் சேர்த்துக்கொண்ட புதுப் பழக்கம்.

போலீசாருக்கும் சிக்கல் இருந்தது. கைது செய்து மண்டபத்தில் அடைப்பது நோய்க்காலத்தில் ஆபத்து. ஐம்பது பேரை ஒரே வேனில் ஏற்றினால் சமூக இடைவெளியை மீறுவது போலீசாரே. எனவே கைது குறைந்தது, முதல் தகவல் அறிக்கை கூடியது. இந்தியத் தண்டனைச் சட்டம் 143, 188, 269 ஆகியவற்றோடு தொற்றுநோய்ச் சட்டம், பேரிடர்ச் சட்டம் என ஒரே வழக்கில் பிரிவுகள் நீண்டன. பழைய முறையில் மாலையோடு முடிந்த விவகாரம், புதிய முறையில் நீதிமன்றத் தேதியாக ஆண்டுக்கணக்கில் நின்றது.

மே 7 அன்று சென்னை தவிர்த்த பகுதிகளில் டாஸ்மாக் கடைகள் திறக்கப்பட்டபோது இந்த வாசற்படி முறை மாநிலம் முழுதும் பரவியது. கறுப்பு உடை அணிந்து, அவரவர் வீட்டு முன் ஐந்து பேருக்கு மிகாமல் பதினைந்து நிமிடம் நிற்கும்படி தி.மு.க. கூட்டணி அழைத்தது. கடை முன் நின்ற வரிசையில் ஐந்து என்ற கணக்கு எங்கேயும் பார்க்கப்படவில்லை. பெண்கள் பல ஊர்களில் கடையை மறித்தார்கள். கோயில் மூடியிருக்கிறது, பள்ளிக்கூடம் மூடியிருக்கிறது, பேருந்து ஓடவில்லை, சாராயக் கடைக்கு மட்டும் எப்படி அனுமதி என்பதே அவர்களுடைய கேள்வி. மே 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது. மே 15-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்திவைத்தது. மறுநாள் கடைகள் மீண்டும் திறந்தன.

இங்கே ஒரு விஷயம் தெளிவாகிறது. அமெரிக்காவின் மிச்சிகனில் 2020 ஏப்ரலில் கார்களைக் கொண்டு தலைநகரை அடைத்தவர்களும், ஆகஸ்டில் பெர்லினில் திரண்டவர்களும் ஊரடங்கு என்ற கருத்தையே எதிர்த்தார்கள். கடலூர் மாவட்டத்தில் ஊரடங்கை எடு என்ற முழக்கம் கேட்டதில்லை என்றே சொல்லலாம். கேட்டதெல்லாம், எனக்குப் பூட்டிய கதவை அவனுக்கு ஏன் திறந்தாய் என்பது. உத்தரவை ஏற்றுக்கொண்டு, அதன் பாரபட்சத்தை எதிர்ப்பது இந்த மண்ணின் போராட்ட முறையாக இருந்தது.

உத்தரவும் லத்தியும்

2020 ஜூன் 19 மாலை, தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் செல்பேசிக் கடை வைத்திருந்த ஒரு தந்தையும் மகனும் ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகக் காவல் நிலையம் கொண்டுபோகப்பட்டார்கள். மூன்று, நான்கு நாட்களுக்குள் இருவரும் இறந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து விசாரித்தது, வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது, காவலர்கள் கைதானார்கள்.

அதுவரை கடையடைப்பு நேரம் என்பது சுகாதார விஷயமாகப் பேசப்பட்டது. சாத்தான்குளத்துக்குப் பிறகு அது காவல் நிலைய விஷயமாகியது. மாநிலமெங்கும் வணிகர்கள் கடையடைத்தார்கள். கடையைத் திறந்ததற்காக நடந்த கொடுமைக்குக் கடையை மூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஊரடங்கில் ஏற்கெனவே பாதி நாள் மூடிக் கிடந்த கடைவீதியில் இந்த அடைப்பைப் பிரித்தறிவது எளிதாக இல்லை. கறுப்புக் கொடியும் ஷட்டரில் ஒட்டிய தாளும்தான் வேறுபாட்டைச் சொன்னன. காவலருக்குத் துணையாகச் சோதனைச் சாவடிகளில் நின்ற காவல் நண்பர்கள் குழுவுக்கு ஜூலையில் அரசு தடை போட்டது. சோதனைச் சாவடியில் பேச்சு தணிந்ததை வண்டி ஓட்டிய ஒவ்வொருவரும் உணர்ந்தார்கள்.

ஜூலையில் மின்கட்டணம் பிரச்சினையானது. ஊரடங்கில் கணக்கெடுக்காமல் விட்டு, பிறகு மாதங்களைச் சேர்த்துப் பார்த்தபோது பல வீடுகளில் கட்டணம் உயர்ந்து வந்தது. ஜூலை 21 அன்று தி.மு.க. வீடுதோறும் கறுப்புக் கொடி ஏற்றச் சொன்னது. அதே மாதத்தில் கடலூர்க் கடற்கரை வேறு காரணத்துக்காகக் கொதித்தது. மார்ச் 24 முதல் படகுகள் நின்றதால் வழக்கமான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அந்த ஆண்டு குறைக்கப்பட்டு, ஜூன் 1 முதல் கடலுக்குப் போக அனுமதி கிடைத்தது. போனவர்களில் சுருக்குமடி வலைக்காரர்களை அதிகாரிகள் தடுத்தார்கள். 2000-ஆம் ஆண்டிலிருந்தே அந்த வலைக்குத் தடை இருந்தது. ஆனால் இரண்டு மாதம் வருமானமில்லாமல் கடனில் மூழ்கியிருந்த நேரத்தில் தடையை இறுக்கியதும் மீனவப் பெண்களும் குழந்தைகளும் கரையில் திரண்டார்கள். ஊரடங்கு நேரடியாகக் காரணம் அல்லாத போராட்டங்களுக்கும் ஊரடங்கே சூடேற்றியது என்பதற்கு இது சான்று.

இ-பாஸ் இன்னொரு கதை. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. சாவுக்கும் பிரசவத்துக்கும் விண்ணப்பித்தவர்கள் நிராகரிக்கப்பட்டார்கள், காசு கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது என்ற புகார் ஊர் தோறும் இருந்தது. இதற்கென்று பெரிய மறியல் ஏதும் நடக்கவில்லை. எதிர்க்கட்சிகள் அறிக்கை விட்டன, நாளிதழ்கள் தினம் ஒரு குடும்பத்தின் அலைச்சலை எழுதின, நீதிமன்றத்தில் கேள்வி எழுந்தது. ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்த எல்லோருக்கும் பாஸ் என்றானது, மாத இறுதியில் மாநிலத்துக்குள் பாஸே வேண்டாம் என்றானது.

சாமிக்கும் சபைக்கும் ஒரே தடை

2020-ன் பிற்பாதியில் தடையுத்தரவு அரசியலின் கருவியாக மாறியதைப் பார்க்க முடிந்தது. ஆகஸ்ட் 22 விநாயகர் சதுர்த்திக்குப் பொது இடத்தில் சிலை வைக்கவும் ஊர்வலம் போகவும் அரசு தடை விதித்தது. இந்து முன்னணி எதிர்த்தது. அக்டோபர் 2 காந்தி பிறந்தநாள் கிராம சபைக் கூட்டங்கள் கடைசி நேரத்தில் தொற்றைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டன. புதிய வேளாண் சட்டங்களுக்கு எதிராகக் கிராம சபைகளில் தீர்மானம் போடத் தி.மு.க. ஏற்பாடு செய்திருந்த நேரம் அது. தடையை மீறி ஊர்க்கூட்டம் நடத்திய மு.க. ஸ்டாலின் மீது வழக்குப் பதிவானது. நவம்பரில் பா.ஜ.க.வின் வேல் யாத்திரைக்கு அரசு அனுமதி மறுத்தது. நவம்பர் 6 அன்று திருத்தணியில் அக்கட்சியின் மாநிலத் தலைவர் எல். முருகன் கைதானார்.

இந்த மூன்று நிகழ்ச்சிகளின் அரசியல் வேறு வேறு. ஆனால் ஆணையின் வாசகம் ஒன்றுதான். விநாயகர் ஊர்வலத்தை நிறுத்தியது சரி என்றவர்கள் கிராம சபையை நிறுத்தியது ஜனநாயக விரோதம் என்றார்கள். கிராம சபை நின்றபோது பேசாதவர்கள் வேல் யாத்திரைக்குக் கருத்துச் சுதந்திரம் கேட்டார்கள். ஐந்து மாதம் கழித்துத் தேர்தல் வந்ததும் எல்லோரும் சேர்ந்து ஆயிரக்கணக்கில் கூடினார்கள். 2021 ஏப்ரல் 6 வாக்குப்பதிவு முடிந்து இரண்டாம் அலை ஏறியபோது, பிரசாரக் கூட்டங்களைக் கட்டுப்படுத்தாததற்காகத் தேர்தல் ஆணையத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது.

ஐம்பது நாள் உட்கார்ந்தவர்கள்

நோய்க்காலப் போராட்டங்களில் இந்த வட்டாரத்தின் பெரிய வெற்றி சிதம்பரத்தில் நடந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் அரசு ஏற்றது. ஆனாலும் அதன் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டணம் இருந்தது. மற்ற அரசுக் கல்லூரிகளில் அப்போது 13,610 ரூபாய். தொற்று நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்த பயிற்சி மருத்துவர்களும் மாணவர்களும் 2020 டிசம்பரில் வளாகத்தில் உட்கார்ந்தார்கள். ஜனவரியில் கல்லூரிக்கு விடுமுறை அறிவித்து விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். மாணவர்கள் நகரவில்லை.

கூட்டம் கூடினால் நோய் பரவும் என்ற வாதத்தை மருத்துவ மாணவர்களிடம் சொல்ல முடியவில்லை. அந்த வளாகத்தில் நோயோடு தினமும் இருந்தவர்களே அவர்கள். இரவில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், ஒவ்வொரு நாளும் புதிய வடிவம் கண்டார்கள். அதனால் செய்தி நிற்கவில்லை. ஐம்பது நாள் தாண்டியபோது, 2021 ஜனவரி இறுதியில், கல்லூரியை மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றி அரசுக் கல்லூரிக் கட்டணத்தையே வசூலிக்க அரசு ஆணையிட்டது. கோரிக்கை ஒன்றே ஒன்று. அதை நிறைவேற்றும் அதிகாரம் யாரிடம் என்பதில் ஐயமில்லை. எண்ணிக்கை பெரிதல்ல. இவை மூன்றும் சேரும் போராட்டம் வெல்லும் என்பது இத்தொழிலில் பல முறை கண்ட உண்மை.

ஆற்றின் இரு கரை

2021 மே 10 முதல், தேர்தலில் வென்று புதிதாக வந்த தி.மு.க. அரசின் முழு ஊரடங்கு. நிவாரணத் தொகை இம்முறை 4,000 ரூபாய், இரண்டு தவணையில் வந்தது. ஜூன் 14 அன்று தொற்று குறைந்த 27 மாவட்டங்களில் டாஸ்மாக் திறந்தது. மயிலாடுதுறை தளர்வில்லாத 11 மாவட்டங்களில் ஒன்று, கடலூர் தளர்வு பெற்ற மாவட்டம். கொள்ளிடத்தின் தென்கரையில் கடை மூடியிருந்தது, வடகரையில் திறந்திருந்தது. ஒரு வருடம் முன்பு கறுப்பு உடையில் நின்றவர்கள் இம்முறை ஆட்சியில் இருந்தார்கள். கறுப்புக் கொடி பா.ஜ.க.வினர் கைக்கு மாறியது. நிருபர்களுக்கு முந்தைய ஆண்டுச் செய்தியில் கட்சிப் பெயரை மட்டும் மாற்றினால் போதும் போலிருந்தது.

கோயில் திறப்பு அதே ஆண்டின் முக்கியப் பிரச்சினை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வழிபாட்டுத் தலங்களில் பக்தர்களுக்கு அனுமதியில்லை. தியேட்டர் திறந்திருக்கிறது, கோயில் ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டு, அக்டோபர் 7 அன்று பா.ஜ.க. முக்கியக் கோயில்களின் முன் ஆர்ப்பாட்டம் நடத்தியது. ஒரு வாரத்தில் எல்லா நாட்களிலும் கோயில் திறக்க அனுமதி வந்தது. தளர்வுக்கான நேரம் எப்படியும் வந்திருந்தது என்று அரசு சொன்னது, தங்கள் போராட்டமே காரணம் என்று கட்சி சொன்னது. 2022 ஜனவரியில் மூன்றாம் அலை வந்ததும் 14 முதல் 18 வரை மீண்டும் மூடினார்கள். தைப்பூசம் 18-ஆம் தேதி வந்தது. வடலூர் சத்திய ஞான சபையில் ஜோதி தரிசனத்துக்கு லட்சக்கணக்கில் கூடும் ஊர், அந்த ஆண்டு பக்தர் இல்லாமல் தைப்பூசம் கொண்டாடியது. பெரிய எதிர்ப்பு எழவில்லை. தடை எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததே அதற்குக் காரணம்.

சிதம்பரம் நடராசர் கோயிலில் நடந்தது இதற்கு நேர் எதிர். கனகசபை மீது ஏறி வழிபடுவதைத் தொற்றைக் காரணம் காட்டித் தீட்சிதர்கள் நிறுத்தினார்கள். மற்ற கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகும் அந்தத் தடை நீடித்தது. 2022 பிப்ரவரியில் மேலேறச் சென்ற ஒரு பெண் தடுக்கப்பட்டார், வழக்குப் பதிவானது. பல அமைப்புகள் சிதம்பரத்தில் போராட்டம் நடத்தின. மே 17 அன்று, கனகசபையில் ஏறி வழிபடப் பக்தர்களை அனுமதிக்க அரசு ஆணை வெளியிட்டது. நோய்க்காக வந்த தடை நோய் போன பிறகும் தங்கினால் அது வேறு எதையோ காக்கிறது என்ற ஐயம் வரும். கனகசபை விவகாரம் முழுக்க அந்த ஐயத்தின் மேல் நடந்தது.

வழக்குகள் என்னவாயின

2021 பிப்ரவரி 19 அன்று, ஊரடங்கை மீறியதாகப் பதிவான சுமார் 10 லட்சம் வழக்குகளைக் கைவிடுவதாக முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி அறிவித்தார். வன்முறை, அதிகாரிகளின் பணியைத் தடுத்தல், போலி இ-பாஸ் ஆகியவை மட்டும் விதிவிலக்கு. அதே ஆண்டில் அடுத்த அரசு, குடியுரிமைச் சட்டம், வேளாண் சட்டங்கள் உள்ளிட்டவற்றுக்கு எதிரான போராட்டங்கள் தொடர்பான 5,570 வழக்குகளைத் திரும்பப் பெற்றது.

மிஞ்சியவை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அங்கே 2018-ஆம் ஆண்டு ஜீவானந்தம் வழக்கின் தீர்ப்பு வழக்கறிஞர்களுக்குக் கைகொடுத்தது. 188-ஆவது பிரிவுக் குற்றத்தைப் போலீசார் தாமாக முதல் தகவல் அறிக்கையாகப் பதிய முடியாது, உத்தரவிட்ட அதிகாரியே நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும் என்பது அதன் சாரம். காவல் நிலையத்தில் ஒரே மாதிரி அச்சடித்தது போல எழுதப்பட்ட அறிக்கைகள் பல இந்த ஒரு காரணத்தால் ரத்தாயின. போராட்டக்காரர்களும் இதைத் தெரிந்துகொண்டார்கள். வழக்குப் போடுவோம் என்ற எச்சரிக்கைக்கு இருந்த கனம் குறைந்தது.

2024 ஜூலை 1 முதல் சட்டங்களின் எண்கள் மாறிவிட்டன. 144 இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163, 188 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 223. ஊர் இன்னும் நூத்தி நாப்பத்தி நாலு என்றே சொல்கிறது. பழைய நடைமுறைகளில் பெரும்பாலானவை திரும்பி வந்துவிட்டன: திங்கள்கிழமை மனு, தபால் நிலைய ஆர்ப்பாட்டம், மண்டபச் சாப்பாடு, கடலூர்–பண்ருட்டி சாலையில் காலிக் குடம். நோய்க்காலம் சேர்த்துவிட்டுப் போனவை மூன்று. அட்டை பிடித்து ஐந்து பேர் நிற்பதும் போராட்டம் என்று கட்சிகள் ஏற்றுக்கொண்டன, ஆள் திரட்ட முடியாத நாளில் அதையே செய்கின்றன. அதிகாரி வருமுன் காணொளி போய்விடுவதால், தாசில்தார் வந்து சொல்லும் வாக்குறுதியும் பதிவாகிறது, மறுநாள் தண்ணீர் வராவிட்டால் அந்தக் காணொளியே மீண்டும் சுற்றுகிறது. எந்த உத்தரவு வந்தாலும் அது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதை மக்கள் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் அதிகாரியிடம் கூட்டம் சீக்கிரம் கலைகிறது.